கோட்டம்

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரும் சாலை. வேகமுள் 60-ஐத் தாண்டியிருந்தது. முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் தெரிந்ததால் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டேன். மூக்கில் சரிந்த கண்ணாடியை ஏற்றிவிட இடது கையை எடுத்தேன். அந்தக் கணத்துக்காகவே காத்திருந்ததுபோல ஹேண்டில் ஆட ஆரம்பித்தது. முதலில் ஒரு சிலிர்ப்பு மாதிரி. அப்புறம், பம்பைச் சத்தத்துக்குச் சாமி வந்தவர்களின் தலை ஆடுமே, அந்த வேகம். கையைத் திரும்ப வைத்து இறுக்கிப் பிடித்தேன். வேகம் 40-க்கு இறங்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல அடங்கிவிட்டது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இறங்கினேன். முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. டேங்கின் புதுப் பெயிண்டில் என் முகம் பளிச்சென்று தெரிந்தது.

அப்பாவின் புல்லட் அது. 1974-இல் வாங்கியது. 346 சி.சி., 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் சென்னையில் தொடங்கிய ஏற்பாடு, பிறகு திருவொற்றியூரில் வேர்விட்டது. அப்பா வாங்கிய வருஷத்தில் அந்த வண்டி தன் பிறந்த ஊரில் செத்துப்போயிருந்தது. திருவொற்றியூரில் மட்டும் பிறந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூட வாத்தியாருக்கு அது சம்பளத்தை மீறிய ஆசை. ஓய்வு பெறும்வரை ஓட்டினார். அப்புறம் மாட்டுக் கொட்டகையில் தார்பாய்க்குள் கிடந்தது. அவர் போன பிறகும் நான் அதைத் தொடாமல் பல வருஷம் ஓட்டிவிட்டேன்.

தொட்டபோது எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். பதினொரு மாதம். உதிரிபாகங்களுக்காகப் புதுப்பேட்டைக்கு ஏழெட்டு நடை. ரிம், சைலன்ஸர், மட்கார்ட் எல்லாம் குரோம் பூச்சுக்குப் போயின. டேங்க் கறுப்பானது. அதில் தங்கக்கோடு இழுப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கோட்டுக்குக் கொடுத்த கூலியில் பாதியைக்கூட நான் பின்சக்கரத்தின் உள்ளே இருந்த எதற்கும் கொடுக்கவில்லை. பழைய வண்டியை மீட்பதாகச் சொல்லிக்கொண்டு நாம் பெரும்பாலும் மீட்பது அதன் புகைப்படத்தைத்தான். என் வண்டியும் புகைப்படத்தில் நன்றாகவே ஓடியது.

வீட்டுக்கு வந்து, தெரிந்தவர்களைக் கேட்டேன். ஆளுக்கு ஒரு குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தார்கள். கோன் செட்டு என்றார் ஒருவர். டயர் என்றார் இன்னொருவர். ஸ்டீரிங் டாம்பர் வாங்கிப் போடு, எல்லாம் அடங்கிவிடும் என்றார் மூன்றாமவர். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் ஹேண்டிலின் நடுவே ஒரு திருகு இருக்கும். திருகினால் உள்ளே தகடுகள் உரசி ஹேண்டில் கனக்கும், ஆட்டம் தெரியாது. காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவதுபோலத்தான் அது. நான் போர்வை வாங்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. விலையைக் கேட்டுத்தான் விட்டேன்.

முதலில் கோன் செட்டை நானே இறுக்கினேன். ஹேண்டில் தண்டு சட்டத்தின் கழுத்துக்குள் மேலும் கீழும் இரண்டு கிண்ணங்களில் உட்கார்ந்திருக்கிறது. கிண்ணத்துக்கும் கோனுக்கும் நடுவில், கிரீஸில் பதித்த இரும்புக் குண்டுகள். அது தளர்ந்திருந்தால் முன்பிரேக்கைப் பிடிக்கும்போது ‘கடக்’ என்று ஒரு அடி கைக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது. ஸ்பேனரைப் போட்டு, தளர்ச்சி என்ற பேச்சே இனி வரக்கூடாது என்கிற வீராப்புடன் இறுக்கிவிட்டேன். மறுநாள் வண்டியைத் தெருவுக்குள் மெதுவாக எடுத்தபோது அது குடித்தவன் மாதிரி நடந்தது. இந்தப் பக்கம் சாயும், நான் திருத்துவேன், திருத்தம் அதிகமாகி அந்தப் பக்கம் சாயும். பால் பூத்தில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

இரண்டு சக்கர வண்டி நேராகப் போகிறது என்பது கண்கட்டு. அது ஒவ்வொரு கணமும் ஏதோ ஒரு பக்கம் விழுந்துகொண்டிருக்கிறது. விழுகிற பக்கம் முன்சக்கரம் தானாகவே கொஞ்சம் திரும்பி, சக்கரங்களை வண்டியின் எடைக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஓட்டுகிறவனுக்குத் தெரியாமலே நடக்கிற வேலை இது. கோனை இறுக்கியதில் நான் செய்தது, முன்சக்கரத்தின் இந்தச் சுதந்திரத்தைப் பறித்ததுதான். அது திரும்பி எழ நினைத்த இடத்தில் என் இறுக்கம் குறுக்கே நின்றது. ஆட்டத்துக்குப் பயந்து அசைவையே நிறுத்தியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மெக்கானிக் பாயிடம் போனேன். ரயில்வே மேம்பாலத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. வயது எழுபதுக்கு மேல். இப்போது புது வண்டிகளைத் தொடுவதில்லை. “அதுங்களுக்கு கம்ப்யூட்டர் வெச்சு ஜுரம் பாக்கறாங்க, நமக்கு எதுக்கு” என்பார். வண்டியை ஒரு சுற்று நடந்து பார்த்தார். டேங்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்.

“ஹேண்டில் ஆடுது பாய்.”

“ஆடறது ஹேண்டிலு தம்பி. ஆட்டறது எதுன்னு பாக்கணும்.”

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். ஹேண்டிலை ஒற்றை விரலால் மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளினார். நடுவில் வந்ததும் அது நின்றது. மறுபடி தள்ளினார். மறுபடியும் நடுவில் ஒரு குழியில் விழுந்ததுபோல நின்றது. என் விரலைப் பிடித்து வைத்து உணரச் சொன்னார். கதவுக் கொண்டி விழுவதுபோல மெல்லிய ஒரு தட்டு.

கழற்றிப் பார்த்தோம். கீழ்க்கிண்ணத்தில் குண்டுகள் உட்காரும் வழியில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். அம்மைத் தழும்பு மாதிரி. பெருவிரல் நகத்தை வைத்தால் ஒவ்வொன்றிலும் தட்டியது. வண்டி பெரும்பாலும் நேராகத்தான் போகிறது, நிற்கிறபோதும் சக்கரம் பெரும்பாலும் நேராகத்தான் இருக்கிறது. அதே இடத்தில் அதே குண்டு, சாலையின் ஒவ்வொரு குழிக்கும் ஒரு குத்து. இப்படி முப்பது வருஷம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு. நேராகப் போனதன் தழும்பு அது. அந்தப் பள்ளத்திலிருந்து எழும்பித்தான் சக்கரம் ஒவ்வொரு தடவையும் திரும்ப வேண்டியிருக்கிறது. நான் இறுக்க இறுக்கக் குண்டு பள்ளத்தில் இன்னும் ஆழமாகப் பதிந்தது.

கிண்ணம், கோன், குண்டு எல்லாம் புதிதாகப் போட்டார். இறுக்கும் அளவுக்கு அவரிடம் எண் கிடையாது. தூக்கி நிறுத்திய நிலையில் ஹேண்டிலை லேசாகத் தட்டினால் அது தன் எடையிலேயே ஓரத்துக்கு விழ வேண்டும். ஆனால் ஃபோர்க்கின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் சத்தம் கேட்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நட்டின் கால் சுற்றுக்கும் குறைவான இடம்தான் இருக்கிறது. அதற்குள் அவர் நான்கு தடவை முன்னும் பின்னும் போனார்.

முன்சக்கரம் தானாக நேராவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹேண்டில் தண்டு நட்டுக்குத்தாக நிற்பதில்லை, பின்னால் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வை அப்படியே ஒரு கோடாகத் தரைவரை நீட்டினால் அது தொடும் இடம் முன்னால் இருக்கும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சில அங்குலம் பின்னால் இருக்கும். அதனால் சக்கரம் தாய்ப்பசுவின் பின்னால் வரும் கன்றுபோல இழுபட்டு வருகிறது. பக்கவாட்டில் விலகினால் சாலையே அதைப் பிடித்து இழுத்து வரிசையில் சேர்த்துவிடும். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சக்கரமும் இதே கணக்குத்தான். அதே சக்கரம் நீண்ட வராந்தாவில் வேகமாகத் தள்ளும்போது படபடவென்று அடித்துக்கொள்வதையும் பார்த்திருப்பீர்கள். வரிசைக்கு இழுக்கும் அதே விசை கோட்டைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோகிறது. அங்கிருந்து திரும்ப இழுக்கிறது. ரப்பர் கொஞ்சம் தாமதமாகத்தான் சாலையின் சொல்லைக் கேட்கிறது. அந்தத் தாமதம் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடும் கையாக மாறிவிடுகிறது. உரசலோ ஓட்டுகிறவனின் கையோ அதைத் தின்று தீர்க்காவிட்டால் ஆட்டம் வளரும். நான் கண்ணாடியைச் சரிசெய்யக் கையை எடுத்தபோது எடுத்தது அந்தக் கையைத்தான்.

இரண்டு சக்கரம் ஏன் விழாமல் போகிறது என்று கணக்குப் போட்டவர்களின் கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். 1899-இல் கேம்பிரிட்ஜில் விப்பிள் என்ற இளைஞர் சைக்கிளுக்கு முழுச் சமன்பாடுகளை எழுதினார். சுழலும் சக்கரத்தின் பம்பரக் குணம்தான் வண்டியை விழாமல் நிறுத்துகிறது என்று வெகுகாலம் பலரும் நம்பினார்கள். டேவிட் ஜோன்ஸ் என்ற இங்கிலாந்து வேதியியல்காரர் அதைச் சோதிக்க, யாராலும் ஓட்ட முடியாத சைக்கிளைச் செய்யப் புறப்பட்டார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டி, பம்பரக் குணத்தை ரத்து செய்தார். சைக்கிள் சமர்த்தாக ஓடியது. டயர் தரையைத் தொடும் இடத்தை முன்னால் தள்ளியபோதுதான் ஒருவழியாக ஓட்டுவது பெரும்பாடாயிற்று. 1970-இல் இதை எழுதினார். தோற்றுப்போவதற்காக ஒருவர் பட்டறையில் இவ்வளவு உழைத்தார் என்பது எனக்கு ஆறுதலான சேதி. பிறகு 2011-இல் ஐந்து ஆய்வாளர்கள் சேர்ந்து, பம்பரக் குணமும் இல்லாத, டயர் பின்னால் இழுபடுவதும் இல்லாத சின்ன வண்டி ஒன்றைச் செய்து தள்ளிவிட்டார்கள். அதுவும் தானாகவே நிமிர்ந்து ஓடியது. ஆக, வண்டியை விழாமல் நிறுத்துவது இன்னதுதான் என்று ஒரு பொருளைக் கைகாட்ட முடியாது. எடை எங்கே இருக்கிறது, தண்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, சக்கரம் எவ்வளவு சுழல்கிறது, எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் இருக்கிறது சமாசாரம்.

எனக்குக் குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்த நண்பர்களை அப்போது நினைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒன்றைச் சொன்னார்கள் என்று எரிச்சல்பட்டேனே, யார் சொன்னதும் தப்பில்லை.

ஏனென்றால் கோன் மாற்றிய பிறகும் ஆட்டம் முழுதாகப் போகவில்லை. குறைந்தது. பாய் முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஃபோர்க்கில் ஒரு சாக்பீஸைச் சாய்த்துப் பிடித்தார். சக்கரம் சுற்றச் சுற்ற ரிம்மின் ஒரு பகுதி மட்டும் சாக்பீஸை உரசி வெள்ளையாகியது. குரோமுக்குப் போய்வந்த ரிம்மைத் திரும்பக் கட்டியவர்கள் கம்பிகளை அவசரமாக முறுக்கியிருந்தார்கள். பார்க்க ஜொலித்தது, சுற்றினால் இடுப்பை ஆட்டியது. “கோட்டம் எடுக்கணும்” என்றார் பாய்.

சக்கரத்தின் நெளிவுக்குச் சைக்கிள் கடைகளில் புழங்கும் சொல். இதற்கு ஈடாக வேறு மொழியில் இவ்வளவு கச்சிதமான சொல் இருக்குமா என்று தெரியவில்லை. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் மனசிலும் சொல்லிலும் இருக்கக் கூடாது என்கிற கோட்டமும் இதே கோட்டம்தான். நீதிக்குச் சொன்னதை நாம் ரிம்முக்கு வைத்துக்கொண்டோம், அல்லது அவர் ரிம்முக்கானதை நீதிக்கு எடுத்துக்கொண்டார். வண்டிச் சக்கரம் அவர் காலத்திலும் இருந்தது அல்லவா.

பாய் கோட்டம் எடுப்பதைப் பார்ப்பது தனி சுகம். உரசுகிற இடத்துக்கு நேரான கம்பியைத் தளர்த்துவார். எதிர்ப்பக்கக் கம்பியை இறுக்குவார். கால் திருகு, அரைத் திருகு. ஒரு கம்பியையும் தனியாகத் தொடுவதில்லை, பக்கத்தில் இருப்பதைக் கேட்காமல். அப்புறம் ஸ்பேனரின் வாலால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்பார். வீணைக்குச் சுருதி சேர்ப்பவர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு. மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்தது. ஒரு மணி நேரத்தில் சாக்பீஸ் சுற்று முழுக்கச் சமமாக, கூந்தல் இழை அளவு இடைவெளியில் தப்பித்தது. நான் கட்டி வைத்திருந்த பழைய டயரையும் தூக்கி எறியச் சொன்னார். வருஷக்கணக்கில் நேர்ச் சாலையில் ஓடி அதன் உச்சி தட்டையாகி, ஓரத்தில் ஒரு விளிம்பு விழுந்திருந்தது. வண்டி சாயும்போது அந்த விளிம்பில் ஏறி விழும். ரப்பரோ கட்டை.

மறுபடி செஞ்சி சாலை. 60-இல் கையை எடுத்தேன், ஹேண்டில் அசையவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்காமல் 75-க்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

இந்த முறை ஹேண்டில் ஆடவில்லை. முழு வண்டியும் ஆடியது. பின்பக்கம் ஒரு பக்கம் போக, முன்பக்கம் மறுபக்கம் போக, நான் நடுவில் படகில் இருப்பவன் மாதிரி. முதல் ஆட்டம் நொடிக்கு ஆறேழு தடவை இருந்திருக்கும், பல் கிட்டிப்போகிற வேகம். இது நொடிக்கு இரண்டு, மூன்று. நிதானமானது, அதனாலேயே பயங்கரமானது, ஒவ்வொரு ஆட்டத்தையும் எண்ண முடிந்தது. ஷார்ப் என்ற பொறியியலாளர் 1971-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த இரண்டையும் தனித்தனி நோய்களாகவே பிரித்திருக்கிறார். ஒன்று முன்சக்கரத்தின் படபடப்பு. மற்றது வண்டி முழுதும் பாம்புபோல நெளிவது. மூன்றாவதாக ஒன்று, மெதுவாகச் சாய்ந்து விழுவது. முதலாவது போனதால் இரண்டாவது வந்தது என்று இல்லை. அது எப்போதும் அங்கேயே இருந்திருக்கிறது. முதலாவது என்னை 75 வரை போகவிடாததால் நான் அதைச் சந்திக்கவில்லை.

இப்படி நெளியும்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பது எரிகிற அடுப்பில் விறகு வைப்பது. உடம்பின் ஆட்டம் கை வழியே ஹேண்டிலில் ஏறிவிடும். இதைப் படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் அந்த நேரத்தில் என் முழங்கைக்குத் தெரியவில்லை. அது தன் பாட்டுக்கு இறுக்கியது.

“பின்னாடி வந்துருச்சா?” என்று பாய் கேட்டார், விருந்தாளியைக் கேட்பதுபோல. பின்சக்கரத்தின் உச்சியைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தார். மொத்தச் சக்கரமும் அசைந்தது. சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. புஷ்ஷில் ஒரு தாள் கனத் தளர்ச்சி, சக்கரத்துக்குப் போகும்போது பல தாள்களாகும். கதவுக் கீலில் நூலிழை தளர்ந்தால் கதவின் ஓரம் விரற்கடை தொங்குகிற மாதிரி. லேத் பட்டறையில் கன்மெட்டலில் புது புஷ் கடைந்து வாங்கிவந்தோம். அடுத்து இன்ஜின் பிளேட்டுகளின் நட்டுகளில் ஸ்பேனரைப் போட்டார். நான்கில் மூன்று கையாலேயே திரும்பின. நான் பெயிண்ட் அடிக்கக் கழற்றி, புதுப் பெயிண்ட் உரிந்துவிடுமே என்று மெதுவாக மாட்டிய நட்டுகள்.

புல்லட்டின் சட்டம் கீழே மூடியது அல்ல. முன்னால் இறங்கும் குழாய் இன்ஜினோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பின்னால் வரை இன்ஜினும் கியர்பெட்டியும் அவற்றைப் பிடித்திருக்கும் தகடுகளும்தான் சட்டம். இன்ஜின் சுமை அல்ல, எலும்பு. எலும்பின் மூட்டுகளைப் பெயிண்டுக்காகத் தளர்வாக விட்டுவைத்தவன் நான். பாய் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு நட்டையும் இறுக்கும்போது கறுப்புப் பெயிண்ட் செதிலாக உதிர்ந்து அவர் மடியில் விழுந்தது. அதை ஊதிவிட்டார்.

பிறகு நூல். கொத்தனார் வைத்திருப்பாரே, அதே வெள்ளை நூல். பின்சக்கரத்தைச் சுற்றி, தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் கட்டி, இரண்டு பக்கமும் முன்சக்கரம் வரை இழுத்துப் பிடித்தார். இந்தப் பக்க நூலின் முனை என் கையில், அந்தப் பக்கம் கடைப் பையன் கையில். நூல் பின்டயரின் இரண்டு ஓரத்தையும் தொட்டும் தொடாமலும் உரசும்வரை இழுவையைச் சரிசெய்ய வேண்டும். பின்சக்கரத்தின் அச்சில் இரண்டு பக்கமும் நத்தை ஓடு மாதிரி வளைந்த தகடுகள் இருக்கின்றன. அவற்றின் பல்லை எண்ணி, இடமும் வலமும் சமமாக வைத்தால் சக்கரம் நேர் என்று நான் நினைத்திருந்தேன். “அது எண்ணுறவனுக்கு. இது பாக்கறவனுக்கு” என்று நூலைக் காட்டினார். வலது நத்தையை ஒரு பல் திருப்பினார். பின்சக்கரம் நேரானது.

முன்டயர் ஒல்லி. நூல் இரண்டு பக்கமும் அதைத் தொடாமல் சம இடைவெளியில் நிற்க வேண்டும். ஹேண்டிலை நேராக்கிப் பார்த்தோம். என் பக்கம் ஒரு விரல் நுழைந்தது. பையன் பக்கம் நுழையவில்லை. ஹேண்டிலை எப்படித் திருப்பினாலும் டயரின் முன்பாதி சரியானால் பின்பாதி கெட்டது. முன்சக்கரம் மொத்தமாகவே இடப்பக்கம் ஒதுங்கி நின்றது.

பாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் நூலையே பார்த்தார்.

“வாத்தியாரு சாஞ்சு ஓட்டுவாரே, அது ஸ்டைலுன்னா நெனச்சே?”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அப்பாவின் வலது தோள் வண்டியில் எப்போதும் தாழ்ந்திருக்கும். தெருப் பையன்கள் அதைப் போலச் செய்து காட்டிக் கிண்டலடிப்பார்கள். சட்டம் போட்ட ஒரு படத்திலும் அப்படித்தான், வண்டியில் உட்கார்ந்து, தலை நேராக, தோள் மட்டும் வலப்பக்கம் சரிந்து. ஒரு கம்பீரம் என்றே நான் அதை நினைத்து வைத்திருந்தேன். நானும் கல்லூரி நாட்களில் வண்டி ஓட்டும்போது தோளைச் சரித்திருக்கிறேன், அவர் மகன் என்று தெரியட்டும் என்று.

வண்டி இடப்பக்கம் இழுத்திருக்கிறது. அவர் வலப்பக்கம் சாய்ந்து அதை நேராக்கியிருக்கிறார். அவ்வளவுதான்.

“நான் அப்போ கடைப் பையன். சொன்னேன் அவருகிட்ட. ‘ஓடுதில்ல, விடுறா’ன்னுட்டாரு. 45-க்கு மேல போகமாட்டாரு. ஆட்டம் அவருக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது.”

ஃபோர்க் பைப்புகளைக் கழற்றி, தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றின்மேல் உருட்டினார். ஒன்று கண்ணாடியோடு ஒட்டி உருண்டது. மற்றது உருளும்போது நடுவில் எழும்பி, அடியில் பிறை மாதிரி வெளிச்சம் தெரிந்து மறைந்தது. இரண்டு பைப்பையும் பிடித்திருக்கும் கீழ்த்தட்டிலும் ஒரு முறுக்கல். எங்கோ மோதிய அடி. பழைய அடி.

இரவு அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“உங்கிட்ட சொல்லலையா? மேல்மலையனூர் ரோட்டுல எருமை மேல உட்டுட்டாரு. நானும்தான் பின்னால இருந்தேன். எருமைக்கு ஒண்ணும் ஆவல.”

எந்த வருஷம் என்று கேட்டதற்கு, உனக்கு மொட்டை போட்ட வருஷம் என்றாள். எனக்கு மூன்று தடவை மொட்டை போட்டிருக்கிறார்கள்.

பைப்பை அழுத்தி நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்திய இரும்பை நம்ப முடியாது என்றார் பாய். புதுப்பேட்டைக்கு இன்னொரு நடை. பைப்புகளும் கீழ்த்தட்டும் மாற்றினோம். மறுபடி நூல் கட்டியபோது முன்டயரின் இரண்டு பக்கமும் ஒரே விரல் நுழைந்தது. பையன் தன் விரலையும் என் விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான், எங்கள் விரல் ஒரே பருமன் இல்லையே என்ற சந்தேகத்தில். பழைய பைப்பை எடைக்குப் போடப் போனபோது நான் வேண்டாம் என்றேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. அது இப்போது மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலையில் சாத்தியிருக்கிறது.

செஞ்சி சாலையில் அதிகாலை தனியாகப் போனேன். 60. 70. 75. கையை எடுத்தேன். வண்டி ஒரு கோடாகப் போயிற்று. அதில் சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல வண்டியில் எதுவும் நடப்பதில்லை. ஒன்றே ஒன்று. என் வலது தோள் தானாகத் தாழ்ந்தது, வண்டி உடனே வலப்பக்கம் நகர்ந்தது. தோளை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். ஆட்டோ வேண்டாம், வண்டியிலேயே வருகிறேன் என்றாள். டேங்கின் தங்கக்கோட்டை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். புடவையை ஒதுக்கி, கால்களை இடப்பக்கம் தொங்கவிட்டு ஒருக்களித்து உட்கார்ந்தாள். தெரு முனை தாண்டியதும் வண்டி வலப்பக்கம் இழுத்தது. வேகம் கூடக் கூட இழுப்பும் கூடியது. மறுபடியும் நூல், மறுபடியும் புதுப்பேட்டை என்று வயிற்றைக் கலக்கியது. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா முதுகை வலப்பக்கம் நன்றாகச் சாய்த்து, கம்பியைப் பிடித்தபடி, சாலையோரத்துப் புளியமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“ஏம்மா அப்படி சாயறே?”

“நான் எங்கடா சாயறேன், நேராத்தான் உக்காந்திருக்கேன்.”

நான் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன். வண்டி நேராகப் போயிற்று.